கருமாதிப் பத்திரிகையில் அப்பாவின் பட்டப்பெயரைப் போடலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் காலமாகி ஒன்பது நாட்கள் ஆகின்றன. பதினாறாம் நாள் கருமாதி. பத்திரிகையை நாளை மறுநாளுக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக அது வீட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் ஆண்டிபட்டிக்கு மேற்கே உள்ளது. வீட்டுக்கு ஒருவருக்காவது குலதெய்வத்தின் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், தந்தையாரின் பெயரில் எங்கள் தெருவில் மட்டும் நால்வர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தலைப்பெழுத்தும் அதுவேதான். ஆகவே ஊர் அவரை "அரைப்படி" என்றே அழைத்தது. மூத்தவர்கள் நேரிலும் இளையவர்கள் மறைவிலும் அப்படிச் சொல்வார்கள். அவர் உயரம் குறைந்தவர் என்பதால் வந்த பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் நுழைந்ததே இல்லை. ஆறாம் வகுப்பில் ஒருவன் என்னை "அரைப்படி மவனே" என்று கூப்பிட்டதற்காக அவன் சட்டையைக் கிழித்துவிட்டுத் தலைமையாசிரியர் அறை வாசலில் முட்டி போட்டவன் நான்.

அவர் இறந்த இரவு, சுவரொட்டியில் அவரது இயற்பெயரை மட்டும் போட்டோம். அவசரத்தில் கிடைத்த புகைப்படமோ முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. மீசை வைத்த அந்த முகத்தை இன்று அடையாளம் காண்போர் சிலரே. விளைவு என்னவென்றால், உசிலம்பட்டியிலிருந்து வந்த உறவினர் சிலர் மாலையோடு நேரே எதிர்த்தெருவில் அதே பெயருடைய பெரியவர் வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். "நான் இல்லப்பா, அரைப்படி" என்று சொல்லி வழி காட்டி அனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டுத் துக்கத்தில் அன்று முதன்முதலாகச் சிலர் சிரித்தது அதைக் கேட்டுத்தான்.

பத்திரிகையிலாவது "(எ) அரைப்படி" என்று போட வேண்டும் என்கிறார் அண்ணன். அம்மா வேண்டாம் என்கிறார். காரணம் சொல்ல மறுக்கிறார். எனக்கு இரு பக்கமும் மனம் போகிறது. உங்கள் வீடுகளில் இதை எப்படிக் கையாண்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஈயஎழுத்து எழுதியது:

தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், தம்பி. நான் திண்டுக்கல் பக்கம் அச்சகம் நடத்துகிறேன். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்தே இந்தத் தொழில்தான்.

சுவரொட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பங்காளிகளோ மாமன் மச்சான்களோதான்; மகன்கள் பிணத்தின் அருகில் இருப்பார்கள். வருபவர்கள் கேட்காமலேயே பட்டப்பெயரைச் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த பெயரே அதுதான். சில வேளைகளில் இயற்பெயர் என்ன என்று நான் கேட்டபின், வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன். கருமாதிப் பத்திரிகையை மகன்கள் கொண்டு வருகிறார்கள். அதில் பட்டப்பெயர் அவ்வளவாக வராது. சுவரொட்டியை மழை கரைக்கும், மைதாப் பசைக்காக ஆடு தின்னும். பத்திரிகை அப்படியல்ல, பிற வீடுகளுக்குள் போய், நாட்காட்டிக்குப் பின்னால் செருகப்பட்டு, பல ஆண்டுகள் கிடக்கும். மகன்களின் தயக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

போடுவதென்று முடிவு செய்தால், தொழில்முறையில் ஒரு யோசனை. "என்கிற" என்பதன் சுருக்கமான அந்த "(எ)" வேண்டாம். குற்றச் செய்திகளில் கைதானவர்களின் பெயரோடு அது வந்து வந்து, அந்த எழுத்துக்கே ஒரு கறை ஏறிவிட்டது. பெயருக்குக் கீழே வெறும் அடைப்புக்குறிக்குள், ஓரளவு சிறிய எழுத்தில் போட்டால் போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

பட்டப்பெயர் அச்சேறினால் மரியாதை குறையும் என்ற அச்சம் அண்மைக்காலத்தது என்று நினைக்கிறேன். சங்கப் புலவர்களுள் பலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவரை அப்பாட்டின் உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்கிறோம். தேய்ந்த பழங்கயிற்றை உவமை சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். புறநானூற்றின் 243ஆம் பாட்டில், ஆழ்ந்த நீரில் குதித்து விளையாடிய இளமையை எண்ணிப் பெருமூச்செறியும் முதியவருக்கு, அவர் ஊன்றிய பூண் போட்ட தடியாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்களைச் சுமந்து வந்தவை இப்பெயர்கள்தாம்.

இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் தவறாமல் நிற்கும் "ஆர்". பழங்கயிறு என்று சொல்லி நிறுத்திவிடாமல் பழங்கயிற்றினார் என்று எழுதினார்கள். தங்கள் தந்தையாரை "அரைப்படியார்" என்று போட்டுப் பாருங்களேன்.

நெய்வேலி நண்பர் எழுதியது:

ஆசிரியை சொல்வது சரியே. வி.சி. கணேசன், நாடகத்தில் சிவாஜி வேடம் ஏற்றதைப் பார்த்துத்தான் பெரியார் அவரைச் சிவாஜி கணேசன் என்று அழைத்தார். அந்தப் பெயரால் அவருக்குப் பெருமைதானே சேர்ந்தது?

வைகைக்கரை எழுதியது:

மேடையில் கைதட்டலுக்கு நடுவே ஒருவர் சூட்டும் பெயரும், டீக்கடை பெஞ்சில் யாரோ வைத்துவிட்டுப் போகும் பெயரும் ஒன்றாகுமா, நண்பரே? முதலாவதை வாங்கிக்கொள்ள ஒருவர் எழுந்து போகிறார். இரண்டாவது வந்து ஒட்டிக்கொண்ட பிறகே அவருக்குத் தெரிகிறது. ஆசிரியையின் யோசனை அழகாக இருக்கிறது, ஆனால் "அரைப்படியார்" என்று அச்சிட்டால் எங்கள் ஊரில் அதுவே அடுத்த கேலியாகிவிடும் அம்மா. "யார்" போட்டு அழைப்பதே அங்கே கிண்டலின் ஒரு வகை.

வடமராட்சி எழுதியது:

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில், பட்டப்பெயர் சொல்லிச் சீண்டுவதைப் "பட்டம் தெளித்தல்" என்பார்கள். விதை தெளிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கையில் ஒருவன் தெளித்தால் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க முளைத்திருக்கும்.

ஆனால் நாங்கள் இரண்டைப் பிரித்துப் பார்ப்போம். வீட்டுப்பெயர் என்பது வேறு, பட்டம் என்பது வேறு. பதிவில் நீண்ட பெயர் இருக்கும். வீட்டிலும் அயலிலும் இராசன், கிளி, தம்பி, பபா என்று ஏதாவது ஒன்றுதான் புழங்கும். மரண அறிவித்தலில் அந்த வீட்டுப்பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது வெகு சாதாரணம். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது, பெயரைக் கேட்டு யாரோ என்றிருந்துவிட்டு, வீட்டுப்பெயர் வந்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழும்பிய அனுபவம் என் தலைமுறையில் பலருக்கு உண்டு. பட்டத்தை மட்டும் எவரும் அறிவித்தலில் சேர்ப்பதில்லை. இறப்புக்குப் பின் செய்யும் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கும் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தில் இறந்தவரின் தொழில், குணம், பேரப்பிள்ளைகள் எல்லாம் பாட்டாக வரும், பட்டம் வராது. என் பெரியப்பாவின் பட்டத்தை ஊரே அறியும். அவரது கல்வெட்டை எழுதிய புலவருக்கும் தெரியும். ஒரு வரியில்கூட அவர் அதைத் தொடவில்லை.

எனவே தங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி, அரைப்படி என்பது வீட்டுப்பெயரா, பட்டமா என்பதே. வீட்டுக்குள் நுழையாத பெயர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம் வரிசை எழுதியது:

எல்லோரும் ஊருக்கு எது வசதி என்பதைப் பேசுகிறீர்கள். பெயரைச் சுமந்தவரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் சற்றுச் சூம்பியிருக்கும். அதை வைத்து எனக்கு இட்ட பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது இன்னும் ஓர் இடத்தில் இருந்துவிடும். அதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் என்மேல் அன்பு கொண்டவர்கள். என் திருமணத்தின்போது மேடையேறி ஆயிரம் ரூபாய் மொய் வைத்துவிட்டு, என் கணவரின் உறவினர் முன்னிலையில் அதே பெயரைச் சொல்லி வாழ்த்திய ஓர் அண்ணனும் அவர்களில் உண்டு. நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் "இதுக்குப் போய் கோவிச்சுக்கிடுச்சே" என்ற பேச்சு வரும். பட்டப்பெயர் உள்ளவர்கள் பெரும்பாலும் சிரித்த முகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்று சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுவிடத்தில் அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. அந்த அண்ணன்மீது நான் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. அவருக்கு இழிவுபடுத்தும் நோக்கமே இல்லை என்பதுதான் சிக்கல்.

உங்கள் தந்தையார் அந்தப் பெயரைத் தாமே எப்போதாவது சொல்லிக்கொண்டாரா? அதைத் தேடுங்கள். மற்றவர்கள் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பத்திர எழுத்தர் எழுதியது:

நடைமுறை பற்றி மட்டும் சொல்கிறேன். கருமாதிப் பத்திரிகையில் எதைப் போட்டாலும் சட்டத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் எல்லாம் அதைப் பிடித்துத்தான் நடக்கும். பழைய பத்திரம் எதிலாவது பட்டப்பெயர் "என்கிற" என்று ஏறியிருந்தால் இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய பத்திரங்களைப் புரட்டுபவன் என்ற முறையில். மூக்கன், மூக்காயி, குப்பன், பிச்சை என்று வரும் பெயர்களைப் பட்டப்பெயர் என்று நினைத்துப் பேரன்கள் கூச்சப்படுகிறார்கள். முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தியும், குப்பையில் போட்டு எடுத்தும், தவிட்டுக்கு விற்று வாங்கியும் வைத்த பெயர்கள் அவை. எமனுக்கு வேண்டாதபடி அழுக்காகத் தெரியட்டும் என்று பெற்றவர்களே வைத்தவை. கேட்பவருக்கு இழிவாகத் தோன்றும் பெயர்கள் எல்லாம் இழிவாக வைக்கப்பட்டவையல்ல.

வைகைக்கரை எழுதியது:

மூன்றாம் வரிசை அம்மா கேட்ட கேள்வி இரவெல்லாம் தூங்கவிடவில்லை. காலையில் இரண்டு காரியம் செய்தேன்.

முதலில், போடியில் இருக்கும் அத்தைக்கு, தந்தையாரின் அக்காளுக்கு, தொலைபேசியில் பேசினேன். உயரத்துக்கும் பெயருக்கும் தொடர்பே இல்லையாம். தந்தையாருக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். அரைப்படி அரிசியைக் கடனுக்கு வாங்கிவரச் சொல்லிப் பாட்டி அவரைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். மறந்துவிடக் கூடாதே என்று வழி முழுக்க "அரைப்படி, அரைப்படி" என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார் பையன். கடையில் கூட்டம். யார் பிள்ளை, பெயர் என்ன என்று கடைக்காரர் கேட்க, மூச்சிரைக்க "அரைப்படி" என்று சொல்லிவிட்டார். கடை சிரித்தது. கடைக்காரர் கடன் நோட்டில் அதையே எழுதிக்கொண்டார். "அரிசி கொடுத்தாரா?" என்று கேட்டேன். "காப்படி கொடுத்தாரு" என்றார் அத்தை.

அடுத்து, மாமா வீட்டுக்குப் போய், 1989ஆம் ஆண்டு அவர் திருமணத்து மொய் நோட்டை வாங்கிப் பார்த்தேன். தந்தையாரின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் உறவில் எந்தத் திருமணம் என்றாலும் மொய் எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். பித்தளைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, ஒவ்வொரு தொகையையும் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு எழுதுவார். நோட்டில் ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், அடைப்புக்குறிக்குள் அடையாளம், தொகை என்று வரிசையாக இருக்கிறது. அந்த அடையாளங்களில் பாதிக்குமேல் பட்டப்பெயர்கள்தாம்: மண்வெட்டி, சிலோன், ஒத்தவீடு, மிலிட்டரி, பாயாசம். பாயாசம் யாரென்று மாமாவுக்கே மறந்துவிட்டது.

தமக்கென்று அவர் எழுதிய வரியில் இயற்பெயரே இல்லை. ஊரின் பெயரை எழுதி, "அரைப்படி – 51" என்று எழுதியிருக்கிறார். அடைப்புக்குறியும் இல்லை.

ஈயஎழுத்து எழுதியது:

தம்பி, அத்தை சொல்லும் காலம் 1966ஆக இருக்கும். அந்தப் பஞ்சத்தின் கோபம்தான் 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கமாக ஊரெங்கும் சுவரில் ஏறியது. ஆட்சி மாறியபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டுப் பார்த்தார்கள். மேற்கொண்டு நடத்த முடியவில்லை. என் தந்தையாரும் அப்போது கூப்பனோடு வரிசையில் நின்றவர்தான். அரைப்படி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயரம் நினைவுக்கு வந்ததை எண்ணி வெட்கமாக இருக்கிறது.

தாமே எழுதிக்கொண்ட பெயர் என்றால் தயங்க வேண்டாம். போடுங்கள்.

மூன்றாம் வரிசை எழுதியது:

அவசரப்பட வேண்டாம், தம்பி. மொய் நோட்டு என்பது கணக்கு. திருப்பிச் செய்யும்போது ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுதியதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நானும் என் அடையாளத்தைச் சொல்லித்தான் வண்டிக்காரருக்கு வீட்டு வழி சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த நோட்டில் என்னைப் போன்றவர்கள் எவரேனும் இருக்கிறார்களா?

வைகைக்கரை எழுதியது:

தங்கள் கேள்விக்காக மறுபடியும் மாமா வீட்டுக்குப் போய் வரிவரியாகப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் காலை இழுத்து நடந்த ஒருவர் இருந்தார். அவரை ஊர் எப்படி அழைத்தது என்று தாங்கள் அறிவீர்கள். அவர் ஐந்து ரூபாய் மொய் செய்திருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் முதலில் ஏதோ எழுதத் தொடங்கி, ஓரெழுத்தோடு நிறுத்தி, குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, "தையல்கடை" என்று எழுதியிருக்கிறார் தந்தையார். ஒரு கண் பார்வை இல்லாத பெரியவர் ஒருவரும் நோட்டில் உண்டு. அவருக்கு எதிரே "வேப்பமரத்து வீடு" என்றிருக்கிறது. அந்த இருநூற்றுச் சொச்சம் வரிகளில் ஒருவரது உடம்பைச் சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை. நோட்டில் அடித்தல் இருப்பதும் அந்த ஓரிடத்தில்தான்.

மூன்றாம் வரிசை எழுதியது:

எனக்கு வேறு சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அம்மாவிடம் அதைக் காட்டிப் பேசுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கருமாதி நல்லபடியாக முடிந்தது. இந்த இழையில் எழுதிய அனைவருக்கும் என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நோட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையெழுத்தின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் இருந்தார். அரைப்படிக் கதை அவருக்குத் திருமணமான முதல் வாரத்திலேயே தெரியுமாம். தந்தையாரே சிரித்துக்கொண்டு சொன்னாராம். அவருக்கு அந்தப் பெயரில் ஒரு வருத்தமும் கிடையாது என்றார். அப்படியானால் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அண்ணன் கேட்டார்.

"அவரு அரைப்படி. நான் யாரு?" என்றார் அம்மா.

கேட்டபோது எங்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவர் "அரைப்படி பொண்டாட்டி". மகளிர் குழுவில் "அரைப்படி வீட்டம்மா". ரேஷன் கடையில் அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால், அது யாரோ என்று தாமே பேசாமல் நின்ற நாளும் உண்டாம். தந்தையார் தமக்கு வந்த பெயரோடு சமாதானம் செய்துகொண்டார். தமக்கு வராத பெயரை அம்மா சுமந்தார். பெயரைப் பத்திரிகையில் போட்டால், நாளை தமக்கு அடிக்கும் சுவரொட்டியிலும் அதுவே வரும் என்பதுதான் அவருடைய கவலை. சட்டையைக் கிழித்த எனக்கு இது இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

முடிவில் அம்மாவே வழி சொன்னார். தந்தையாரின் பெயருக்குக் கீழே, "(எ)" இல்லாமல், அடைப்புக்குறிக்குள் அரைப்படி என்று போட்டோம். "இவண்" என்ற இடத்தில் வழக்கமாக மகன்கள் பெயரில்தான் தொடங்குவோம். இம்முறை முதல் வரியில் அம்மாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, மற்றவற்றைவிட ஓரளவு பெரிய எழுத்தில் வந்தது. அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை.

பத்திரிகை கொடுக்க நானே வீடு வீடாகப் போனேன். மளிகைக் கடையில் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து வாசித்து வந்தார். அரைப்படி என்ற இடத்தில் தலையசைத்தார். கீழே வந்ததும் நின்று, அம்மாவின் பெயர்மேல் விரலை வைத்து, "இது யாரு தம்பி?" என்று கேட்டார்.